கூடை மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போனது

1

முசிறியில் இருக்கும் என் அண்ணன் மகன் கடிதம் போட்டிருக்கிறான். நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி எழுதிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டான். "சித்தப்பா, இலங்கையில் நீங்களெல்லாம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எதில் போகிறீர்கள்? மோட்டார் காரில் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். சரிதானே?"

பையனின் மானம் நிற்க வேண்டுமானால் நான் ஒரு கார் வாங்கியாக வேண்டும். இப்போதைக்கு அது நடக்காது என்பதால் உள்ளதை எல்லாருக்கும் பொதுவாக எழுதி வைக்கிறேன். ஊரில் இன்னும் எத்தனை பேர் எனக்குக் கார் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களோ, தெரியாது.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்தில், ஒரே காம்பராவில் நாங்கள் ஐந்து பேர் இருக்கிறோம். லயம் என்பது ரயில் வண்டி மாதிரி நீண்டு கிடக்கும் ஒரு கட்டடம். காம்பரா அதில் ஒரு பெட்டி. ரயில் நகரும், லயம் நகராது. மற்றபடி புகையும் நெரிசலும் ஒன்றுதான். இந்தக் காம்பரா என் மனைவி மருதாயியின் பேரில் கிடைத்தது. அவள் தோட்டத்தில் பேர் பதிந்த கொழுந்துக்காரி, தேயிலை பறிக்கிறவள். நான் ஹட்டன் டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறேன். தோட்டத்தில் எனக்கென்று தனியாக ஒரு பேர் கிடையாது. மருதாயி புருஷன் என்றால் எல்லாருக்கும் தெரியும். துரையின் நாய்க்குக்கூடத் தெரியும், அதனால்தான் குரைப்பதில்லை.

வீட்டில் முதலில் கிளம்புகிறவள் மருதாயிதான். விடியுமுன்னே ஆட்களை எழுப்பத் தப்பு அடித்துவிடுவார்கள். ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். யார் எந்த மலைக்கு என்று, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அங்கேதான் பேரைக் கூப்பிட்டுப் பிரித்துவிடுவார். போகிற வழியில் எங்கள் சின்னவனை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். எங்கள் வீட்டில் வாகன வசதி உள்ள ஒரே பிரயாணி அவன்தான். இடுப்பில் ஏறினால் இறங்கமாட்டான்.

மருதாயியின் தம்பி முத்தையா தேயிலைப் பெக்டரியில் ராத்திரி வேலை பார்க்கிறான். நான் எழுந்திருக்கும்போது அவன் வருவான். பாயின் சூடு ஆறுமுன் அதில் படுத்துவிடுவான். வீட்டில் இருப்பது அந்த ஒரு நல்ல பாய்தான். அது மட்டும் எங்கேயும் போகாமல் இரண்டு ஷிப்டு பார்க்கிறது.

மூத்தவள் சரோஜா போன வருஷம் வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சறுக்குப் பாதையில் பாதி நடை, பாதி சறுக்கல். மழை நாளில் காலெல்லாம் அட்டை ஏறும். சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போனால் கொஞ்சம் தப்பலாம். எனக்கு அதிலும் ராசியில்லை. சவர்க்காரம் பூசிய என் காலைத்தான் அட்டைகள் தேடி வருகின்றன. குளித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளும் போல.

கடைசியாக நான், ஒரு குடை, ஒரு சோற்றுக் கேரியர். வட்டவளை ஸ்டேஷன் வரைக்கும் இறங்கி, ஹட்டனுக்கு ரயில் ஏறுவேன். ரயில் எங்கள் பக்கம் சும்மா ஏறாது. முன்னால் ஓர் எஞ்சின் இழுக்கும், பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். பின்னால் தள்ள ஆள் இருந்தால்தான் மலையேற முடியும் என்று அவ்வளவு பெரிய ரயிலே ஒத்துக்கொள்ளும்போது நான் ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. என் பின்னால் மருதாயி இருக்கிறாள்.

ஸ்டேஷன் கேட்டில் நிற்கும் சிங்களப் போர்ட்டர் ஒருநாள், நேற்று ஏன் காணவில்லை என்று கேட்டார். நான் வந்தேனே என்று சிங்களத்தில் சொல்லப் புறப்பட்டு, "ஹெட்ட ஆவா" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு வந்தேன் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து தினமும் காலையில் என்னை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறார், "ஐயா, நாளைக்கு வந்ததா?" வந்தேன் என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்.

2

அண்ணன் மகனே, உன் வயதில் நான் எப்படிப் பள்ளிக்கூடம் போனேன் தெரியுமா? முசிறியிலிருந்து குளித்தலைக்கு, காவிரிக்கு அக்கரை. பரிசலில் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் பரிசல்காரர் கழியைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார். அன்று லீவு. ஆற்றில் தண்ணீர் ஏற வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. என் படிப்பு ஏன் அந்த அளவில் நின்றது என்று உன் அப்பா இன்றைக்கும் கேட்பார். காவிரியைப் போய்க் கேட்கச் சொல்.

இங்கே தண்ணீர் ஏறாது, மலை இறங்கிவிடும். மழை பிடித்தால் மண் சரிந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடமாட்டார்கள். அதுதான் வித்தியாசம். என் மகள் என்னைப் போலச் சாமியை வேண்டுகிறவளும் இல்லை.

3

சரோஜா போன வருஷக் கடைசியில் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது. அதற்கு மேல் உள்ளது மலைதான். ஐந்து முடித்த பெண்ணுக்குக் கூடையைக் கொடுப்பார்கள். யாரும் அதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. ஒருநாள் கண்டாக்கையாவே எங்கள் வாசலில் நின்று நல்ல மனசோடுதான் சொன்னார்.

"மருதாயி, புள்ள வளந்துட்டா. வார மாசம் பேர் பதிஞ்சிருவோம். ஒனக்கும் கைக்கு ஒதவியா இருக்கும்."

மருதாயி தலையை ஆட்டினாள். அவர் போனதும் உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஹட்டன்ல அந்தப் பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புக்குப் பரீட்ச வச்சு எடுக்குறாங்கன்னு சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். சும்மா பேச்சுக்கு."

"பேச்சுக்கு வேணாம். எழுதிக் குடுத்துட்டு வாங்க. ஒங்ககூடத்தான் ரயில்ல வந்துட்டுப் போகட்டும். ஒருக்கா பேர் பதிஞ்சிட்டா அப்புறம் அவ என்னைய மாதிரிதான்."

 அவள் பேர் பதிந்தபோது அவளுக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

நான் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த கிளாக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தகப்பன் எந்த நாட்டுப் பிரஜை?" இந்தியா, இங்கே இருக்க அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். "தாய்?" இங்கேயே பிறந்தவள், ஆனால் அவள் யாரென்று இரண்டு அரசாங்கமும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன என்றேன். "அப்ப பிள்ளை எந்த நாடு?"

"இப்போதைக்கு அஞ்சாம் வகுப்பு" என்றேன்.

கிளாக்கர் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, சனிக்கிழமை பரீட்சை, பிந்தினால் உள்ளே விடமாட்டோம், இன்னொரு தடவை வைக்கவும் மாட்டோம் என்றார்.

4

வெள்ளி ராத்திரி வானம் பொத்துக்கொண்டது. விடியற்காலையில் முத்தையா பெக்டரியிலிருந்து நனைந்துகொண்டே வந்தான். அன்றைக்குப் பாயைப் பார்க்கவே இல்லை.

"மாமா, ரயில் இல்ல. மண்ணு சரிஞ்சிருச்சு. ரயில் ரோட்டுல விழுந்தது அப்படியே உருண்டு பஸ் ரோட்டையும் மூடிருச்சு. சரிவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிக்குதாம். ஆனா இந்தப் பக்கமிருந்து போக வழியில்ல."

"மலைக்கு மேல ஏறி எறங்குனா?" என்றாள் மருதாயி.

"எறங்கலாம். அது பக்கத்துத் தோட்டமுல்ல, அக்கா. அங்க தொழிற்சங்கத் தகராறு நடக்குது. வெளியாள யாரக் கண்டாலும் காவக்காரன் திருப்பி வெரட்டுறான்."

நான் உடனே திட்டம் போட ஆரம்பித்தேன். பக்கத்துத் தோட்டத்துத் துரைக்கு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதுவது, அதை அவர் பங்களாவில் கொண்டுபோய்க் கொடுப்பது, அனுமதி வாங்குவது. முதல் வரியை மனதுக்குள் அமைத்துக்கொண்டிருக்கும்போதே மருதாயி மூலையிலிருந்து இரண்டு கொழுந்துக் கூடையை எடுத்தாள்.

"அந்தத் தோட்டத்துல இப்பக் கொழுந்து முத்திக் கெடக்கு. கைக்காசுக்கு ஆள் எடுக்குறாங்க. கூடையோட போனா ஒருத்தனும் கேக்கமாட்டான்."

கைக்காசு என்றால் பேர் பதியாமலே கொழுந்தின் எடைக்குக் காசு வாங்கிக்கொள்ளும் வேலை. அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்கூட அதற்குப் போவார்கள். சரோஜாவின் புது வெள்ளைக் கவுனை மடித்து, துணியில் சுற்றிக் கூடையின் அடியில் வைத்தாள். பேனாவும் பென்சிலும் அதற்குள். பழைய பாவாடை, இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கம்பளி. ஒரு நிமிஷத்தில் என் மகள் கொழுந்துக்காரி ஆகிவிட்டாள். எனக்கு அது அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்ததுதான் பிடிக்கவில்லை.

"நான்?" என்றேன்.

"நீங்க குடைய வச்சிருங்க. அதப் பாத்தா சங்கத்து ஆளுன்னு நெனப்பாங்க." முத்தையாவின் கவ்வாத்துக் கத்தியை என் கையில் கொடுத்தாள். செடி வெட்டுகிற ஆளாம் நான். கண்ணாடியையும் கழற்றச் சொன்னாள். கழற்றினால் மலையே தெரியாது என்றதும் விட்டுவிட்டாள்.

சின்னவனை முத்தையா தலையில் கட்டிவிட்டு மூன்று பேரும் ஏறினோம். உச்சியைத் தாண்டி இறங்கும்போது காவக்காரன் நின்றான். கூடைகளைப் பார்த்தான், வழிவிட்டான். மருதாயி சொன்னது சரி, கூடையோடு உள்ளே போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. கூடையோடு வெளியே போகிறவர்களை யாரும் விடுவதில்லை என்பதை அவளும் யோசிக்கவில்லை.

பத்தடி இறங்கியிருக்கமாட்டோம். செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கங்காணி எழுந்தார். வயதானவர், தலைப்பாகை, கையில் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு.

"வாங்க, வாங்க. இம்புட்டு நேரங்கழிச்சா வாரது? ஏம்மா, நீ அந்த நிரையப் புடி. புள்ள, நீ பக்கத்து நிரை. எதுத்த மலையில சின்னத்துரை நிக்கிறாரு பாரு. வெரசா."

எதிர்மலையில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. நான் வாயைத் திறந்து, ஐயா, நாங்கள் வந்த காரியம் வேறு என்று தொடங்குவதற்குள் பக்கத்தில் சடசடவென்று சத்தம். திரும்பினால், என் மனைவியும் மகளும் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏமாற்றுவதற்கு இல்லை, நிஜமாகவே. நிரையில், அதாவது தனக்கென்று விட்ட செடி வரிசையில், நிற்கச் சொன்னால் கை தானாகப் போய்விடும் போலிருக்கிறது. மருதாயி எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்து முழிக்கிறாள். சரோஜா லீவு நாளில் அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகியவள். அவளும் இரண்டு இலை ஒரு குருத்தாகக் கிள்ளி, வெள்ளைக் கவுனுக்கு மேல் போட்டுக்கொண்டே போகிறாள்.

"என்னா செய்யிறீங்க?" என்றேன் மெதுவாக.

"நிரையப் புடிச்சாச்சே" என்றாள் மருதாயி.

"பரீட்சை?"

"பாதி நிரையில எப்படிங்க விட்டுட்டுப் போறது? நிரைய விட்டவன்னு பேர் வந்துரும்."

"உன் பேர் என்னன்னே இங்க யாருக்கும் தெரியாதே, புள்ள."

"எனக்குத் தெரியுமுல்ல."

அதற்குள் கங்காணி என் பக்கம் திரும்பினார். நான் ஒரு செடியைக் குனிந்து பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

"நீ என்னா செய்யிற?"

"கவ்வாத்து."

"கொழுந்து எடுக்குற மலையிலயா? அதும் இந்தக் கத்திய என்னத்துக்குப் பேனா மாதிரி புடிச்சிருக்க? நீ சங்கத்து ஆளுதானே?"

பக்கத்து நிரைகளில் பெண்கள் சிரிப்பது கேட்டது. நல்ல வேளையாகக் கங்காணியின் கண் அந்நேரம் சரோஜாவின் கூடையில் விழுந்தது. கிட்டப்போய்ப் பார்த்தார். ஒரு பிடி கொழுந்தை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"நல்ல கை" என்றார். "முத்துன எல ஒண்ணு இல்ல. ஏம்மா, ஒன் மகளா? ஒங்க தோட்டத்துல பேர் பதிஞ்சாச்சா?"

மருதாயியின் கை அப்போதுதான் நின்றது.

"இல்லீங்க, கங்காணியாரே" என்றாள். "பதியக் கூடாதுன்னுதான் இப்படி வந்தோம்."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். மண் சரிந்தது, பரீட்சை, பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள் என்பது, கூடைக்குள் கவுன் இருப்பது. கொழுந்தை ஒதுக்கி வெள்ளைத் துணியின் ஓரத்தை எடுத்தும் காட்டினாள். கங்காணி எதிர்மலையைப் பார்த்தார். தொப்பி அங்கேயே இருந்தது.

"இப்பப் போயி ஒரு ஆளு நிரைய விட்டு நடந்தா சின்னத்துரை என்னையத்தான் கேப்பாரு. ஏற்கனவே சந்தேகத்துல இருக்காங்க. நிரை அந்தரத்துல நிக்கக் கூடாது, தாயி."

"நிரை நிக்காது. ரெண்டையும் நான் எடுக்குறேன். புள்ளைய மட்டும் விடுங்க."

"ரெண்டு நிரையவா? இந்தச் செங்குத்து மலையில? ஒன்னால முடியுமா?"

"எடுத்துட்டுச் சொல்றேன்."

 கங்காணி மட்டக்கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கீழ்மலைக்குக் கூவினார்.

"ஏய்... பச்சக் கம்பளிப் புள்ள ஒண்ணு வருது... மறிக்காதீங்க... குறுக்குப் பாதையக் காட்டி விடுங்க..."

கீழேயிருந்து ஒரு பெண் குரல் அதை வாங்கி, இன்னும் கீழே அனுப்பியது. அங்கிருந்து இன்னொரு குரல். மூடுபனிக்குள் கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் என் மகளின் கம்பளி பேசப்பட்டது. சரோஜா ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். மருதாயி இரண்டு நிரைக்கும் நடுவில் நின்று, வலக்கையை அந்தச் செடியிலும் இடக்கையை இந்தச் செடியிலும் போட்டிருந்தாள்.

"என்னா பாக்குற? ஓடு."

அவள் ஓடினாள். நான் கங்காணியிடம், "நானும் போகணுங்க, நான் புள்ளையோட அப்பன்" என்றேன்.

"கத்தியப் புடிச்ச லட்சணத்துலயே நெனச்சேன், கூலிக்காரன் இல்லன்னு. போ, போ. சின்னத்துரை பாத்தா வயித்து வலின்னு சொல்லு. மூஞ்சி அதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

நான் பார்த்தவரை என் மகள் ஓடவே இல்லை, கைமாறிப் போனாள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பெண் நிமிர்ந்து, "இங்கிட்டு வா, ஆத்தா", "தண்ணிப் பீலிக்கரையால பாத்துப் போ, வழுக்கும்" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்வாள். பின்னால் வந்த எனக்கு யாரும் வழி காட்டவில்லை. இரண்டு இடத்தில் விழுந்தேன். அப்போது மட்டும் சிரித்தார்கள்.

ரோட்டில் பஸ் நின்றது, சரோஜா முன்பே ஏறியிருந்தாள். நான் ஏறியதும் ஒரு ஸீட்டே காலியானது. இது என்ன மரியாதை என்று பார்த்தால், கவ்வாத்துக் கத்தி இன்னும் என் கையில்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஹட்டன் பஸ்ஸில் நான் உட்கார்ந்து போனது அன்றைக்குத்தான்.

ஹட்டனில் எங்கள் கடையின் பின்கட்டில் சரோஜா கவுனை மாற்றிக்கொண்டாள். கவுனில் அங்கங்கே பச்சைக் கறை. துடைத்தால் பெரிதாகும் என்று அப்படியே விட்டோம். பள்ளிக்கூட வாசலில் கதவைச் சாத்தப்போன டீச்சரம்மா அவளைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், தேயிலைக் கறுப்பு ஏறிய விரலைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"மண்ணு சரிஞ்சிருச்சுங்க, டீச்சர். மலையால வந்தோம். வழியில கொஞ்சம் கொழுந்து எடுக்க வேண்டியதாப் போச்சு."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். நான் கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"உள்ள போ" என்றார் அவளிடம். "நீங்க கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்க" என்றார் என்னிடம்.

மருதாயி இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நிரையும் முடித்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்றாவதாக இன்னொன்றும் எடுத்தாளாம். ஏன் என்று கேட்டேன். "அந்தக் கங்காணி முடியுமான்னு கேட்டாருல்ல" என்றாள்.

5

இடம் கிடைத்துவிட்டது. இந்த மாதம் முதல் எங்கள் வீட்டிலிருந்து ரயிலுக்கு இரண்டு பேர் போகிறோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஸ்டேஷன் வரைக்கும்தான் இரண்டு பேர். பிளாட்பாரத்தில் வேறு பெண்களைக் கண்டதும் சரோஜா என் குடைக்குள்ளிருந்து விலகிவிடுவாள். அவர்கள் ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி. "அப்பா, போர்ட்டரோட அந்த நாளைக்கு வந்த பேச்ச என் முன்னால வச்சுக்காதீங்க" என்று உத்தரவு வேறு. சிங்களம் அவளுக்குச் சரளமாக வருகிறது. போர்ட்டரிடம் என் சார்பில் அவளே பேசிவிடுகிறாள். நான் சாமான் மாதிரி பின்னால் நிற்கிறேன்.

அவள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன காலையில், பெரட்டுக் களத்தில் ஒரு சங்கதி நடந்தது. பெக்டரியிலிருந்து அந்த வழியாக வந்த முத்தையா பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

எங்கள் லயத்தில் என்னைத் தவிர ஒருவர் ரயிலுக்குப் போகிறார் என்றால் அது ஒரே ஒரு பிரயாணம்தான். பெட்டி படுக்கையைக் கட்டி, தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறி, அரசாங்கம் திருப்பி அனுப்பும் இந்தியாவுக்கு. லயமே அழுது வழியனுப்பும். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

கண்டாக்கையா அன்றைக்கு ஆட்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டு, "மருதாயி, எங்க ஒன் மக? இன்னிக்குப் பேர் பதியணும்னேன்ல" என்று கேட்டாராம்.

"அவ ரயிலுக்குப் போறாங்கய்யா."

 கண்டாக்கையா கிட்டே வந்தார்.

"ரயிலுக்கா? சொல்லவே இல்லியே, புள்ள. எல்லாருமா போறீங்க? எப்பத் திரும்புவா?"

மருதாயி சின்னவனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"சாயங்காலம் வந்துருவாங்கய்யா" என்றாள்.